யெர்க்கோ சொந்த ஊரில் தங்க இடம் தேடியது

மூர்னா துறையில் கோடைக்காலத்தில் மீன் பிடிக்கிறவனுக்குப் படுக்க இடம் கிடையாது. மீன் பிடிக்கிறவனைப் பார்க்க வருகிறவனுக்கு மெத்தை, மின்விசிறி, காலையில் அத்திப்பழம் எல்லாம் உண்டு. இதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மெத்தை போடுவதும் நாங்கள்தான், அத்திப்பழத்தைக் கழுவி வைப்பதும் நாங்கள்தான். ஜூன் பிறந்ததும் ஊரே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிடும். சிலர் ஒயின் பீப்பாய் வைக்கும் கிட்டங்கிக்கு, சிலர் வலைக் கொட்டகைக்கு. பங்குச் சாமியார்கூடத் தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பூசை உடைகள் வைக்கும் அறையில் கட்டிலைப் போட்டுக்கொள்வார். அவர் பீடத்துக்குப் பின்னாலிருந்து வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தால் கோடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

நானும் என் வீட்டுக்காரர் யெர்க்கோவும் போவது மேட்டில் இருக்கிற ஆட்டுக் கொட்டிலுக்கு. ஆடுகள் போய்ப் பல வருடம் ஆகிறது. வாசனை மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.

இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஒரு வாரியம் உண்டு. பாரம்பரியத் துறைமுக அனுபவ வாரியம் என்று பெயர். முன்பு அது துறையோரத்தில் ஒரு சன்னல், அவ்வளவுதான். வரைபடம் கேட்டால் கொடுக்கும், கழிப்பறை எங்கே என்று கேட்டால் கை காட்டும். பிறகு தலைநகரிலிருந்து டாக்டர் வெலிமிர் இயக்குநராக வந்து சேர்ந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, விருந்தோம்பலில் பட்டம் வாங்கிய டாக்டர். வந்து இறங்கிய அன்று ஃபெர்ரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, கடல்தான் என் மூச்சு என்றார். அன்றைக்கே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவர் வந்த பிறகு வீடுகளுக்கெல்லாம் நங்கூரம் குத்தினார். பித்தளை நங்கூரம், வாசற்படிக்கு மேலே. மூன்று நங்கூரம் என்றால் முதல் தரம், ஒன்று என்றால் விருந்தாளிகள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் இரண்டுதான் கொடுத்தார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் யெர்க்கோ கோட்டுப் போட்டிருந்தாராம். மீனவன் கோட்டுப் போட மாட்டானாம். படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, யாரோ ஒரு தாடிக்காரரின் பழைய படத்தை அங்கே மாட்டினார். போன வருடம் மூன்றாவது நங்கூரமும் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. வருகிற நங்கூரத்தை ஏன் என்று கேட்கிறவனுக்கு எங்கள் ஊரில் பைத்தியக்காரன் என்று பெயர்.

இனி மத்தி மீன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பம்.

கோடையின் இருட்டு இரவுகளில் விளக்குப் பிடித்து மத்தி பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. தீவைச் சுற்றி அதற்கென்று இடங்கள் உண்டு. கழுதைத் தாடை என்று ஓர் இடம், அதில் வலை போட்டவன் சிரித்துக்கொண்டே வருவான். கன்னியாஸ்திரியும் மோசமில்லை. மாமியார் என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டால் மீனும் வராது, வலையும் முழுசாக வராது. யாருக்கு எந்த இடம் என்று வருடம்தோறும் ஜூன் கடைசியில் வருகிற புனித இராயப்பர் திருநாளன்று துறைமேட்டில் சீட்டுக் குலுக்கி எடுப்போம். எடுத்த இடம் அந்தக் கோடை முழுக்க அவனுடையது. சீட்டில்லாமல் வலை போட்டவனைப் பிறகு கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள், சாவுக்கும் கூப்பிட மாட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மாமியார்தான் வாய்த்தாள். அவருடைய அண்ணன் அக்கரையில் பீட்சாக் கடை வைத்திருக்கிறார். தம்பிக்கென்று கோடு போட்ட சட்டையும் சிவப்புக் கழுத்துக் குட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன் என்று ஈஸ்டருக்கு ஈஸ்டர் சொல்லி அனுப்புவார். இந்தக் கோடையும் மீன் இல்லையென்றால் படகை விற்றுவிட்டு அங்கே போய்த் தட்டு ஏந்துவது என்று பேச்சாகியிருந்தது. தட்டு ஏந்துவது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யெர்க்கோ தரையில் நடந்தால் நாற்காலியில் இடித்துக்கொள்கிற ஆள். கடலில்தான் அவர் நேராகப் போவார். படகு போய்விட்டால் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு வீட்டில் இருக்க முடியாது.

திருநாள் நெருங்கியபோது வெலிமிர் கோயில் முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்து எங்களைக் கூட்டினார். "அன்பார்ந்த பாரம்பரிய மக்களே" என்று ஆரம்பித்தார்.

"பாரம்பரியம் உங்க சொத்துன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அது தப்பு. நீங்க அதுக்குள்ள குடியிருக்கீங்க, அவ்வளவுதான். உள்ள இருக்கறவனுக்கு வீட்டோட அழகு தெரியுமா? வெளியில நின்னு பாக்கறவனுக்குத்தான் தெரியும். அதனால சீட்டுக் குலுக்கறத இனிமே வாரியம் எடுத்து நடத்தும். கலப்படமே இல்லாம, ஆதியில எப்படி இருந்துச்சோ அப்படி."

ஆதியில் எப்படி இருந்தது என்பதை அவரே எங்களுக்கு விளக்கினார். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் துறைக்குள் எந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை எழும்புகிறதோ, அந்த வீடுதான் சீட்டு எடுக்கலாம். இது உண்மைதான். துறைக்குள் குடியிருக்கிறவன் யார் என்று தெரிவதற்காக என்றோ யாரோ வைத்தது. வீடுகளை வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு, அன்றைக்கு மட்டும் விருந்தாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பில் ஒரு கை திராட்சைச் சுள்ளியைக் கொளுத்திவிட்டு வருவோம். விருந்தாளியும் கைதட்டி ரசிப்பான். வெலிமிருக்கு அது கலப்படம். அடுப்பு யாருடைய சமையலுக்கு எரிகிறதோ அவர்தான் எடுக்க வேண்டும் என்றார். அதாவது விருந்தாளி. எடுக்கிற சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்களிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. மீறினால் நங்கூரம் கழன்றுவிடும்.

கடைசியாகக் குரல் தழுதழுக்க இன்னொரு வழக்கத்தையும் சொன்னார். கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் புகை வேண்டாம். அவள்தான் முதலில் எடுப்பாள், பிடித்த ஆளை வைத்து வலை போட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் காதில் வாங்கவில்லை. எங்கள் ஆட்களுக்குப் படகு ஓட்டத் தெரியும். அந்த மாதிரி கைம்பெண் யாரும் துறையில் அப்போது இல்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் வாரியத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், அவர் கோபத்தில் பேசத் தெரியாதவர் என்பதால்.

"அப்ப நான் சீட்டு எடுக்கக் கூடாதா டாக்டர்?" என்று கேட்டார்.

"யார் சொன்னா? வாரியம் யாரையும் ஒதுக்காது. துறைக்குள்ள ஒரு வீட்டுல தங்குங்க, அடுப்பப் பத்த வைங்க, தாராளமா எடுங்க."

"துறைக்குள்ள எனக்கு வீடு இருக்கே."

"இருக்கு. ஆனா நீங்க அங்க தங்கல."

"நான் தங்கினா விருந்தாளி எங்க தங்குவாங்க?"

"பாத்தீங்களா, உங்களுக்கே புரியுது" என்றார் வெலிமிர் சந்தோஷமாக.

ஆக, யெர்க்கோ விருந்தாளியாக வேண்டும். அதற்கும் முறை இருந்தது. விருந்தாளி என்றால் வர வேண்டும். இங்கேயே கிடக்கிறவர் எப்படி வருவார்? அதனால் ஃபெர்ரியில் அக்கரைக்குப் போய், பெட்டியோடு திரும்பி வர வேண்டும். அதற்கு முன்னால் அவருடைய ரசனைக்கு ஏற்ற தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டது என் சித்தி பேத்தி பெரினா. வாரியத்தில் வழிகாட்டியாக இருக்கிறாள், நல்ல பெண்தான், சம்பளம் வாங்குகிற இடத்தில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளக் கற்றிருந்தாள்.

இந்த விடுமுறையில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்டாள். மத்தி என்றார் யெர்க்கோ. மீன் வாடை உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா என்றாள். அவர் தன் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, தெரியலம்மா என்றார். மீனவர்களோடு நெருங்கிப் பழக விருப்பமா, தூரத்திலிருந்து பார்த்தால் போதுமா என்று கேட்டபோது அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"எந்த மீனவங்களோட?" என்றார்.

"அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மாமா" என்றாள் பெரினா.

இராயப்பர் திருநாளுக்கு முந்தின காலை அவர் அக்கரைக்குப் போனார். எங்கள் தேனிலவுக்கு வாங்கிய பெட்டி. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, ஒரு குப்பி பிராந்தி, ஒரு டப்பா உப்பு மத்தி. மத்தியான ஃபெர்ரியில் திரும்பி வந்தார்.

ஃபெர்ரி வரும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அட்டை பிடித்துக்கொண்டு துறையில் நிற்போம். அட்டையில் அறை வாடகைக்கு என்று நாலு பாஷையில் எழுதியிருக்கும். வீடு நிறைந்திருந்தாலும் நிற்போம், யாராவது பாதியில் கிளம்பிவிட்டால் என்ன செய்வது. பெட்டியோடு இறங்குகிறவன் யார் என்று பார்க்க மாட்டோம், பெட்டியைத்தான் பார்ப்போம். யெர்க்கோ பலகையில் கால் வைத்ததும் டிங்கா பாய்ந்து பெட்டியைப் பிடித்துவிட்டாள். டிங்கா பக்கத்து வீட்டுக்காரி.

"கடல் பாத்த அறைண்ணே. மாடி. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்."

"டிங்கா, நான்தான் யெர்க்கோ."

"தெரியாமயா? தெரிஞ்சவங்களுக்குக் காலைச் சாப்பாடும் சேத்துத் தரேன்."

அதற்குள் ஐஸ் கிட்டங்கிக்காரர் பெண்டாட்டி ஸோர்க்கா பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, டிங்கா வீட்டு மெத்தையில் மூட்டைப்பூச்சி என்றாள். போன வருடம் அந்த மெத்தையைத் தூக்கி வெளியே போட்டதே நீதானே அண்ணே என்று அவரையே சாட்சிக்கும் கூப்பிட்டாள். யாரும் விளையாடவில்லை. ஃபெர்ரி சங்கு ஊதினால் எங்கள் கைகால்கள் தானாக இப்படித்தான் ஆகும். என்னைச் சொல்லுங்கள், நானும் அட்டையை உயர்த்திப் பிடித்து, மேட்டில் காற்றோட்டமான கொட்டில் ஒன்று இருக்கிறது என்று கத்திவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துறைக்குள்ள இல்லையே என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கைப்பிடித்தவர் கைவிட்டுப் போனாற்போல் எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் அவருக்கு வேண்டியது கடல் காற்று இல்லை, அடுப்பு. காலியாக இருந்த ஒன்றிரண்டு அறைகளில் அடுப்பு இல்லை. டிங்கா அடுப்பு இருந்த இடத்தில் குளிக்கிற தொட்டி வைத்துவிட்டாள். ஸோர்க்கா வீட்டில் அங்கே இணையப் பெட்டி பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வேறு இடம் காட்டுகிறேன் என்று பெரினா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில், புதிதாக வருகிற எல்லா விருந்தாளிக்கும் கட்டாயம் என்பதால், ஊர் சுற்றிக் காட்டுகிற கூட்டத்தோடு அவரையும் சேர்த்துவிட்டாள்.

கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அங்கே நடந்ததைப் பெரினாவே பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். எங்கள் வீட்டில் அந்த வருடம் தங்கியிருந்தவர்கள் கிராட்ஸ் நகரத்து ஆல்வாவும் அவர் மனைவி ஹெர்மினாவும். ஆல்வா ஓய்வு பெற்ற பல் வைத்தியர். ஹெர்மினா மெழுகுவர்த்திகள் அடுக்கிய கூடையோடு வாசற்படியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பெரினா வழக்கம்போல் கதையை ஆரம்பித்தாள். இந்த வீட்டில்தான் யெர்க்கோ என்ற மீனவர் வாழ்ந்தார். ஒரு பயங்கரமான புயலில் இரண்டு தோழர்களைக் காப்பாற்றப் போனவர் திரும்பவே இல்லை. அவருடைய இளம் மனைவி இன்றும் இந்த வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கண்ணீரோடு துவைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"எப்ப?" என்றார்.

பெரினா எங்கள் பாஷையில் மெதுவாக, "மாமா, டாக்டர்தான் எழுதிக் குடுத்தாரு. உயிரோட இருக்கற மீனவன் வீட்டுக்கு ரெண்டு நங்கூரத்துக்கு மேல வராதாம்" என்றாள்.

ஹெர்மினா அவர் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து, நீங்கள் இந்தப் பக்கத்து ஆள்போல் இருக்கிறீர்களே, அவரைத் தெரியுமா என்று கேட்டாள். பெரினா பாஷை மாற்றிச் சொன்னாள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த இடத்திலேயே கூடையை உதைத்திருப்பான். எங்கள் ஆட்கள் விருந்தாளியின் முகம் வாடினால் தாங்க மாட்டார்கள். அந்த அம்மாள் கண்ணில் நீர் கோத்திருந்தது. யெர்க்கோ மெழுகுவர்த்தியை ஏற்றி, தாடிக்காரர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "கொஞ்சம் பழக்கம்" என்றார்.

பெரினா இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. விரிப்பு மாற்றப் போகும்போதெல்லாம் ஹெர்மினா என் கையைப் பிடித்து அழுத்துவாள். நான் அவ்வளவு வெள்ளையாகத் துவைக்கிறேன் என்று நினைத்து நாங்கள் போடுகிற சோப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுப்பும் காலி இடமும் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு வீட்டில். அது வாரியத்தின் சொந்த வீடு. அசல் மீனவர் இல்லம் என்று பெயர். விருந்தாளி யாரும் அதில் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்கியதில்லை. வைக்கோல் மெத்தை, கழிப்பறை கிடையாது, மேசையில் மெழுகில் செய்த மீன்கள், மூலையில் மீன் வாடையைச் சீராக ஊதிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி. நிஜ மீன் கொண்டுவரத் தடை, பெட்டியின் வாடை கெட்டுவிடுமாம். யெர்க்கோ சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், உப்பு மத்தி டப்பாவைக் கம்பளிச் சட்டைக்குள் ஒளித்து வைத்தார்.

சாயங்காலம் துறைமேட்டில் வெலிமிர் தொலைநோக்கியோடு நின்றார். ஒவ்வொரு வீடாகப் புகை எழும்பியது. விருந்தாளிகள் கோழியும் தொத்திறைச்சியும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் புகையின் நிறத்தைப் பார்த்தால் ஆல்வா என் பிரம்புக் கூடையைக் கொளுத்திவிட்டார் என்று தோன்றியது. மற்ற மீனவர்கள் எல்லாம் ஐஸ் கிட்டங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தங்கள் வீட்டுப் புகையை அடுத்தவன் வீட்டுப் புகைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசல் மீனவர் இல்லத்திலும் புகை வந்தது. கதவு வழியாக வந்தது, சன்னல் வழியாக வந்தது, சாவித் துவாரத்திலிருந்து நூல்போல் வந்தது. புகைபோக்கியில் மட்டும் வரவில்லை. பிறகு யெர்க்கோவும் கதவு வழியாக வந்தார், இருமிக்கொண்டு, உருகிய மெழுகு மீன் ஒன்று முழங்கையில் ஒட்டியிருக்க.

"புகைபோக்கி அடைச்சிருக்கு டாக்டர்" என்றார்.

"அடைக்கல. அதுல துவாரமே கிடையாது" என்றார் வெலிமிர். "உருவம், உயரம், கல்லு எல்லாத்தையும் அப்படியே காப்பாத்திட்டோம். துவாரம் வச்சா மழைத் தண்ணி உள்ள வரும், பாரம்பரியம் நனைஞ்சிடும்."

"புகை எங்க வந்தா என்ன, வந்துச்சில்ல?"

"வந்துச்சு. ஆனா அது கதவு வழியா வந்த புகை. சீட்டுக்கு வேண்டியது புகைபோக்கிக்கு மேல வர்ற புகை. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. பாரம்பரியம்னா கஷ்டமாத்தான் இருக்கும்."

முகமெல்லாம் கரியாக யெர்க்கோ மேட்டுக்கு ஏறி வந்தார். கொட்டில் வாசலில் உட்கார்ந்து கையைக்கூடக் கழுவாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செத்துட்டேன் பால்மினா, உனக்குத் தெரியுமா?" என்றார். "புயல்ல. ரெண்டு பேரக் காப்பாத்தினேனாம்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சொல்லக் கூடாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிடு, அந்தச் சட்டை என்ன அளவுன்னு கேளு என்றார். அதைச் சொன்ன குரலைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல ஆளை உயிரோடு வைத்துக்கொண்டு, படகை உயிரோடு வைத்துக்கொண்டு, எவனோ ஒருவன் நங்கூரத்துக்காகக் கதை கட்டுகிறான், அதற்கு இந்த மனிதர் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறார்.

"எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு மனுசா" என்றேன். "நாளைக்கு நீ துறைப் பக்கம் வரவே கூடாது. வந்தாலும் என்னப் பாத்துச் சிரிக்காத."

என் அம்மா போனபோது தைத்த கறுப்பு உடை கொட்டிலில் இருந்த துணிப் பெட்டியின் அடியில் கிடந்தது. எடுத்து உதறிக் கொடியில் போட்டேன்.

திருநாள் காலையில் துறைமேடு நிறைந்திருந்தது. விருந்தாளிகள் எல்லோரும் கோடு போட்ட சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சாமியார் சீட்டுகள் போட்ட கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெலிமிர் பேசினார், பேசினார், ஒரு வயலின்காரன் நடுநடுவே வாசித்தான். கடைசியில் வெலிமிர் கையை உயர்த்தி, ஆதி வழக்கப்படி கேட்கிறேன், கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர் யாராவது உண்டா என்றார். பதில் வராது, மௌனம் காக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கேன்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஹெர்மினா என்னை அடையாளம் கண்டு ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

வெலிமிர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் அதோ மீன் பெட்டிக்குப் பின்னால நிக்கிறார். பாக்கறார்."

சொன்ன பேச்சைக் கேட்காமல் வந்திருந்தார். "அப்படியா டாக்டர்?" என்றேன். "அப்ப இவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. அந்தாளு சாகல, நாங்கதான் கதை கட்டினோம்னு. எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் விருந்தாளிகளைப் பார்த்தார். ஆல்வா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, துறையில் மூன்று நங்கூரம் குத்திய வீடுகள் இன்னும் இருந்தன. அவற்றின் கதைகளையும் எழுதியவர் அவர்தான். அவர் முகத்தில் கணக்கு ஓடுவதைப் பார்த்தேன். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தார்.

"இந்த வீரப் பெண்மணிக்கு மூர்னா தலைவணங்குகிறது" என்றார்.

கூடைக்குள் கை விட்டேன். கழுதைத் தாடை வரவில்லை. கன்னியாஸ்திரி வந்தாள். கழுதைத் தாடை இல்லாவிட்டால் என்ன, மாமியார் இல்லை. சீட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

திரும்பினால் டிங்கா நிற்கிறாள். எங்கிருந்தோ ஒரு கறுப்புத் துணியைத் தலையில் சுற்றியிருந்தாள்.

"என் வீட்டுக்காரரும் போயிட்டாரு டாக்டர்" என்றாள்.

"எப்ப?"

"அதே புயல்ல."

அவளுக்குப் பின்னால் ஸோர்க்கா. அவளுக்குப் பின்னால் இன்னும் பலர், கையில் கிடைத்த கறுப்பையெல்லாம் சுற்றிக்கொண்டு. ஒருத்தி சாமியாரின் அங்கியையே வாங்கிப் போட்டிருந்தாள். ஆண்கள் ஒவ்வொருவராக ஐஸ் கிட்டங்கிக்குப் பின்னால் நழுவினார்கள். டிங்கா புருஷன் மட்டும் விஷயம் புரியாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றான். அவள் போகிற போக்கில், செத்தவன் மாதிரி ஓரமாப் போய் நில்லேன்யா என்று அவனைத் தள்ளிவிட்டாள். வெலிமிரால் ஒருத்தியையும் மறுக்க முடியவில்லை. ஒருத்தியின் புயல் பொய் என்றால் எல்லாருடைய புயலும் பொய். காலைப் பூசை மணி அடிப்பதற்குள் எங்கள் துறையில் கல்யாணமான ஆண்பிள்ளை ஒருவன்கூட உயிரோடு இல்லை. கல்யாணமாகாத தோன்சி மட்டும் சாக வழியில்லாமல் தவித்தான். கடைசியில் பெரினாவிடம் போய், என்னைக் கட்டிக்கிறியா, சீக்கிரம் சொல்லு என்று கேட்டான். யோசிச்சுச் சொல்றேன் என்றாள்.

வரிசையில் நின்ற விருந்தாளிகள் யாரும் வருத்தப்படவில்லை. இப்படி ஒரு காட்சியை இதுவரை பார்த்ததே இல்லை என்று விம்மினார்கள். அடுத்த கோடைக்கு அங்கேயே அறை பிடித்தவர்கள் உண்டு. கூடையில் கடைசியாகக் கிடந்த சீட்டை ஆல்வா எடுத்தார். மாமியார். இப்போது அது கிராட்ஸில் அவர் வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லவில்லை.

அன்று இருட்டுக் கட்டும் நேரத்தில் எங்கள் செத்த ஆண்பிள்ளைகள் படகுகளில் விளக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். யெர்க்கோ எங்கள் படகில் பின்பக்கம் சுக்கானைப் பிடித்து நின்றார். இப்போது படகுக்கு எஜமானி நான், அவர் நான் அமர்த்திய கூலியாள். துறையைத் தாண்டும் வரைக்கும் அவர் எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. நான் கறுப்பு உடையில் துறைமேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

விருந்தாளி ஒருவர் வெலிமிரிடம், படகில் போகிற இவர்கள் யார் என்று கேட்டார். வெலிமிர் கொஞ்சம் தயங்கினார்.

"வாரியத்தோட நடிகர்கள்" என்றார். "நல்லாத்தான் செய்றாங்க. ஆனாலும் நிஜ மீனவங்க மாதிரி வராது."

ஹெர்மினா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரினாவைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கேட்பது தப்பாக இருந்தால் மன்னித்துவிடு, உனக்கு இன்னும் வயசிருக்கிறதே, இன்னொரு கல்யாணம் பற்றி யோசித்தது உண்டா என்று கேட்டாள். நான் கடலைப் பார்த்தேன். எங்கள் விளக்கு கன்னியாஸ்திரிப் பக்கம் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"மீன் எப்படி விழுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்மா" என்றேன்.